இருநூறு கார் இருந்தது, ஓடுவது எத்தனை என்று தெரியவில்லை: கன்டென்ட் மேனேஜருக்கு மாறிய கதை

அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய விளையாட்டு 2014 டிசம்பரில் முழுதாக வெளியானது. நான் வாங்கியது பல வருடம் கழித்து, ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடையின் தள்ளுபடியில். வாங்கிய வாரமே மோட் பைத்தியம், அதாவது ரசிகர்கள் செய்து தரும் கார், தடம் எல்லாம் சேர்க்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஜிப்பை இறக்கு, பிரி, கார் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தேடு, தூக்கிக்கொண்டுபோய் விளையாட்டின் கன்டென்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் கார்ஸ் ஃபோல்டரில் போடு. ஒருவர் காரை நேராக வைத்திருப்பார். இன்னொருவர் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று வெங்காயம் மாதிரி அடுக்கியிருப்பார். ஒரு அடுக்கு தப்பினாலும் கார் பட்டியலில் வராது. "இந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?" என்று விண்டோஸ் கேட்டால், நான் படிக்காமலே எல்லாவற்றுக்கும் சரி கொடுத்துவிடுவேன். அதன் பலன் பின்னால் வந்தது.

கார் இருநூறைத் தொட்டதும் விளையாட்டின் சொந்த லாஞ்சர் (கார், தடம் தேர்ந்தெடுக்கும் தொடக்கத் திரை) மூச்சு வாங்க ஆரம்பித்தது. உள்ளுக்குள் அது ஒரு வலைப்பக்கம் மாதிரிதான். பட்டியலைத் திறந்துவிட்டு டீ போட்டு வந்தால் படங்கள் பாதி வந்திருக்கும். சில காரைத் தேர்ந்தெடுத்தால் திரை கறுத்து டெஸ்க்டாப்புக்கே திரும்பிவிடும். காரணம் எதுவும் சொல்லாது.

அப்புறம்தான் அந்த லாஞ்சருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் கன்டென்ட் மேனேஜர் என்ற மென்பொருளை இறக்கினேன். ஒரே ஒரு எக்ஸி கோப்பு, இன்ஸ்டால் வேலை கிடையாது. விளையாட்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டது, காட்டினேன். கார் பட்டியலைத் திறந்தால் அங்கங்கே சிவப்பு அடையாளம். ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தேன். ஒன்றில் எழுத்துரு கோப்பு இல்லை. இன்னொன்றில் காரின் விவரக் கோப்பு உடைந்திருக்கிறது. என்ன குறை என்று அதுவே எழுதிக் காட்டியது, சிலவற்றைத் தானே சரிசெய்யவா என்றும் கேட்டது. இத்தனை மாதம் விளையாட்டு ஏன் படுத்துக்கொள்கிறது என்று கிராபிக்ஸ் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

மோட் போடுவதும் இப்போது வேறு மாதிரி. ஜிப்பைப் பிரிக்கவே வேண்டாம், அப்படியே இழுத்து ஜன்னலுக்குள் விட்டால் போதும். மேலே வலது மூலையில் இருக்கும் மூன்று கோடு பச்சையாகும். அதைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது, காரா, தடமா, காருக்கான ஸ்கின்னா (வெளி வண்ணம்) என்று பிரித்துக் காட்டும். ஏற்கெனவே இருக்கும் கார் என்றால், பழையதன் மேலேயே போடவா, பழையதை எடுத்துவிட்டுப் போடவா என்று கேட்கும். இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைப் படிக்கிறேன்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது காரை அணைத்து வைக்கும் வசதி. அழிப்பதில்லை. கார்ஸ்-ஆஃப் என்று பக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டர் வைத்து, அங்கே நகர்த்திவிடுகிறது. வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நூற்றுச்சொச்சம் காரை அப்படி ஓரங்கட்டினேன். விளையாட்டைத் திறக்காமலே ஷோரூமில் காரைச் சுற்றிப் பார்க்க முடிவதால் வேலை சீக்கிரம் முடிந்தது. வெளியே பளபளப்பு, உள்ளே ஓட்டிப் பார்த்தால் வேறு ஏதோ காரின் இயற்பியலை அப்படியே ஒட்டி வைத்தது: இந்த ரகம்தான் அதிகம்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நண்பன் ஒருவன் அபார்த் 500 பந்தயத்துக்குக் கூப்பிட்டான். அது விளையாட்டோடு வரும் கார், மோட் இல்லை. ஆனாலும் சர்வர் என்னை உள்ளே விட்டு உடனே வெளியே தள்ளியது: செக்சம் (கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் எண்) பொருந்தவில்லை. என்றைக்கோ நான் கண்ணை மூடிக்கொண்டு "மாற்று" கொடுத்ததில் அபார்த்தின் டேட்டா கோப்பும் மாறியிருக்கிறது. வீட்டில் தனியாக ஓட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. சர்வர் தன் கோப்போடு ஒப்பிடும், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஏமாற்றுக்காரன் கணக்குத்தான்.

சரி, ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னேன். அபார்த் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி விளையாட்டைத் திறந்தால் பழைய லாஞ்சர் வந்து சிரிக்கிறது! ஸ்டீமில் அமுக்கினாலே கன்டென்ட் மேனேஜர் திறக்க வேண்டும் என்று, அசல் எக்ஸியின் பெயரை மாற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்திருந்தேன். ஸ்டீம் அதையும் "சரி" செய்துவிட்டது. திரும்ப மாற்றிவைத்துக் கிளம்புவதற்குள் பந்தயத்தில் மூன்று சுற்று முடிந்திருந்தது.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன், எனக்கு நடந்தது வேறு. மோட் எல்லாம் டி டிரைவில் இருக்கிறதே என்ற தைரியத்தில் விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். கார், தடம் எல்லாம் பத்திரமாக இருந்தது. ஆனால் ஸ்டியரிங் பட்டன் அமைப்பு, கார் செட்டப், ரீப்ளே எல்லாம் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்திருக்கிறது. கன்டென்ட் மேனேஜரில் நான் போட்ட நட்சத்திர மதிப்பீடும் பிடித்தவை பட்டியலும் விண்டோஸின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள். இரண்டுமே சி டிரைவ், இரண்டுமே போச்சு. ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை (ஸ்டியரிங் கைக்குத் தரும் எதிர்விசையை) நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபில் ஒரு சுற்று ஓட்டுவது, ஒரு எண்ணைத் திருத்துவது, மறுபடி ஓட்டுவது என்று திரும்ப அமைத்தேன். இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளமான தடம், கை வலித்துவிட்டது. இப்போது அந்த இரண்டு ஃபோல்டரையும் வாராவாரம் பென்டிரைவில் நகல் எடுக்கிறேன்.

* * *

நண்பர்களே, ஒரு சந்தேகம். நான் கன்டென்ட் மேனேஜரை முதலில் மோட் போட மட்டும் என்று நினைத்தேன். என் தம்பி ராத்திரியில் மழையில் ஓட்டுகிறான். என் விளையாட்டில் ராத்திரியே இல்லையே?

* * *

அசல் விளையாட்டில் ராத்திரியும் கிடையாது, மழையும் கிடையாது. உங்கள் தம்பி கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் என்ற மோடைப் போட்டிருப்பார். அதுவும் ஒரு ஜிப்தான், கார் மாதிரியே இழுத்துப் போடலாம். ராத்திரி வானத்துக்கு சோல் அல்லது ப்யூர் என்ற வானிலை மோட் ஒன்றையும் கூடவே போடுவார்கள். மழை மட்டும் பேட்ச்சின் முன்னோட்டப் பதிப்பில் இருந்தது, அதற்குக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

டி டிரைவ் தம்பிக்கு: ஆப்டேட்டா விஷயம் எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும். நீங்கள் எழுதியதைப் படித்த கையோடு பென்டிரைவ் தேடிக்கொண்டிருக்கிறேன்.