மின்னணு ஆர்கன், கீபோர்டு கலைஞர்களின் புதிய ஆல்பங்களை எப்படித் தேடுவது, எவற்றைக் கேட்பது?

கேள்வி: மெல்லிசைவாசி

வணக்கம் நண்பர்களே. ஆர்கனோ கீபோர்டோ முதன்மைக் கருவியாக ஒலிக்கும் ஆல்பங்களை விரும்பிக் கேட்பவன் நான். பழைய ஒலித்தட்டுகளில் எவற்றைக் கேட்க வேண்டும் என்பதைப் பலரும் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக வெளிவருபவற்றைப் பற்றித்தான் உருப்படியான வழிகாட்டுதல் கிடைப்பதில்லை. ஸ்ட்ரீமிங் செயலிகளில் "ஆர்கன்" என்று தேடினால் தேவாலயக் குழாய் ஆர்கன், தூக்கத்துக்கான பின்னணி இசை, எப்போதோ பதிவான மெட்டுகளின் மலிவுத் தொகுப்புகள் ஆகிய எல்லாம் ஒரே குவியலாக வந்து விழுகின்றன. "கீபோர்டு" என்று தேடினாலோ, தட்டச்சுச் சத்தத்தைப் பதிவு செய்து வெளியிட்டிருக்கும் ஆல்பங்கள்கூடத் தலைகாட்டுகின்றன.

புதிய வெளியீடுகளைத் தவறவிடாமல் அறிந்துகொள்ள நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை முதலில் அறிய விரும்புகிறேன். அடுத்து, சில ஆல்பங்களில் டிரம்ஸ், பாஸ், கிடார், வயலின் கூட்டம் என எல்லாம் ஒலிக்க, அட்டையில் ஒரே ஒருவரின் பெயர் மட்டும் இருக்கிறது. அவற்றில் கலைஞர் வாசித்தது எவ்வளவு, கருவி தானாக வாசித்தது எவ்வளவு என்பதைக் கேட்பவர் எப்படிப் பிரித்தறிவது? கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளியானவற்றில் தொடங்குவதற்கு ஏற்ற சில ஆல்பங்களையும் குறிப்பிட்டால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: எண்சுரம்

உங்கள் முதல் கேள்விக்கு என்னால் சற்று விரிவாகப் பதில் சொல்ல முடியும். கருவியின் பெயரைக் கொண்டு தேடுவதை விட்டுவிட்டு, ஆட்களின் பெயரைக் கொண்டு தேடத் தொடங்குங்கள். ஆர்கன் கலைஞரை மட்டுமல்லாமல், அவருடன் வாசிக்கும் டிரம்ஸ் கலைஞரையும் கிடார் கலைஞரையும் பின்தொடர வேண்டும் என்பது என் கருத்து. ஆர்கன், கிடார், டிரம்ஸ் என்று மூவர் அமர்ந்து வாசிக்கும் வடிவத்தில் நன்கு பழகிய கிடார் கலைஞர்கள் ஒரே ஆர்கன் கலைஞருடன் நின்றுவிடுவதில்லை. அவர்களுடைய பெயர் இடம்பெற்றிருக்கும் ஆல்பங்களைத் துழாவினால், நீங்கள் கேள்விப்பட்டே இராத ஆர்கன் கலைஞர்கள் சிலராவது தட்டுப்படுவார்கள். டிஸ்காக்ஸ் போன்ற இசைத் தரவுத்தளத்தில் ஒருவர் பங்களித்த ஆல்பங்களைத் திரட்டிப் பார்க்க முடியும் என்பதால் இந்த வேலைக்கு அதுதான் வசதியானது.

ஒரு தொகுப்பு உண்மையிலேயே புதியதா என்பதைச் சோதிக்க வட்டத்துக்குள் "பி" எழுத்து இட்ட குறியைப் பாருங்கள். அது ஒலிப்பதிவின் உரிமையாளரையும் வெளியீட்டு ஆண்டையும் காட்டுவது. செயலி காட்டும் வெளியீட்டுத் தேதி 2023 என்றும், அந்தக் குறிக்குப் பக்கத்தில் உள்ள ஆண்டு 1961 என்றும் இருந்தால் அது பழைய பதிவு என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் பழைய பதிவை மெருகூட்டி வெளியிடும் நிறுவனங்கள் அங்கும் புதிய ஆண்டையே போட்டுவிடுவது உண்டு. ஆகவே கலைஞர் வாழ்ந்த காலத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. 1963-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவுரிமைக் காலம் முடிந்துவிட்டதால், 1950-களின் ஹாமண்ட் ஆர்கன் பதிவுகளை எவர் வேண்டுமானாலும் புதிய அட்டையுடன் வெளியிடலாம். 1948-இல் ஒரு மெட்டின் மூலம் அமெரிக்கா முழுவதும் பெயர் பெற்ற ஆர்கன் கலைஞர் கென் கிரிஃபின் 1956-இல் காலமானவர். அவர் வாசித்தவை இன்றைய தேதியுடன் செயலிகளில் உலவுவதற்கு இதுவே காரணம். அவருடைய வாசிப்பில் குறையொன்றும் இல்லை. புதியது என்று எண்ணிக் கேட்பதில்தான் சிக்கல்.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் வீட்டு ஆர்கன் மரபைச் சேர்ந்த கலைஞர்கள் பலர் தங்கள் சிடிகளைக் கச்சேரி நடக்கும் அரங்கிலும் சொந்த இணையதளத்திலும் மட்டுமே விற்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி பிறர் இசையமைத்த மெட்டுகள். நீங்கள் பயன்படுத்தும் செயலிக்குள் அவை ஒருபோதும் வராமலே போகலாம். ஜப்பானில் யமஹா நிறுவனம் 1959 முதல் செய்துவரும் எலக்டோன் என்ற மின்னணு ஆர்கனுக்குத் தனிக் கலைஞர் கூட்டமே இருக்கிறது. அந்தப் பெயரை ஜப்பானிய எழுத்தில் இட்டுத் தேடினால் கிடைப்பவை முற்றிலும் வேறு. ஜாஸ் பக்கம் உள்ளவர்கள் பேண்ட்கேம்ப் தளத்தில் தாங்களே வெளியிடுகிறார்கள். அங்கு ஒரு கலைஞரைப் பின்தொடர்ந்தால் புதிய வெளியீட்டின்போது மின்னஞ்சல் வந்துவிடும். உலகின் பெரும்பாலான நிறுவனங்கள் 2015 ஜூலை முதல் வெள்ளிக்கிழமையையே பொது வெளியீட்டு நாளாகக் கொண்டிருப்பதால், வாரத்தில் அந்த ஒரு நாள் பார்த்தாலே போதுமானது.

பதில்: பெடல்தடம்

எவற்றிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பரிந்துரைகளில் ஹாமண்டின் பக்கம் சாய்வு இருக்கும். அதை மறைக்கப் போவதில்லை.

கோரி ஹென்றியின் "தி ரிவைவல்" (2016) முதலில் கேட்க வேண்டியது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள ஒரு தேவாலயத்தில், கேட்போர் முன்னிலையில் பதிவானது அது. பெரும்பாலான நேரம் ஹாமண்ட் ஆர்கன் தனித்தே ஒலிக்கிறது. ஒரே மனிதர் இரண்டு கைகளையும் இரண்டு பாதங்களையும் கொண்டு எவ்வளவு செய்ய முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அண்மைப் பதிவு எனக்குத் தெரிந்து வேறில்லை. அடுத்து டெல்வான் லமார் ஆர்கன் ட்ரையோவின் "குளோஸ் பட் நோ சிகார்" (2018). ஆர்கன், கிடார், டிரம்ஸ் ஆகிய மூன்று மட்டுமே உள்ள இந்தக் குழுவில் பாஸ் கிடார் கிடையாது. நீங்கள் கேட்கும் அடிச்சுரம் முழுவதும் ஆர்கனிலிருந்தே வருகிறது என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள்.

டாக்டர் லோனி ஸ்மித்தின் "ப்ரீத்" 2021-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். அதன் பெரும்பகுதி 2017-இல் அவருடைய 75-ஆவது பிறந்தநாளையொட்டி நியூயார்க்கில் நடந்த கச்சேரிகளில் பதிவானது. வேகமாக வாசிக்கக்கூடியவர் வேண்டுமென்றே மெதுவாக, டிராபார்களை (ஒலியின் அடுக்குகளைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் இழுப்புக் கட்டைகளை) ஒவ்வொன்றாக வெளியே இழுத்து ஒலியை வளர்த்துச் செல்லும் முறையை அதில் கேட்கலாம். ஹாமண்ட் பி-3 கருவியில் ஒரு ஒலியமைப்புக்கு ஒன்பது டிராபார்கள். ஒவ்வொன்றையும் எட்டு நிலைகள் வரை இழுக்க முடியும். முதல் மூன்றை மட்டும் முழுவதும் இழுத்து மற்றவற்றை உள்ளே தள்ளிவிடுவதுதான் ஜாஸ் வாசிப்பவர்களின் வழக்கமான தொடக்க ஒலி. ஒரு கலைஞர் எந்த இடத்தில் அந்த வழக்கத்தை விட்டு விலகுகிறார் என்பதைக் கவனிக்கப் பழகிவிட்டால், ஆல்பம் கேட்கும் அனுபவமே வேறாகிவிடும்.

அடிச்சுரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஆர்கன் ஆல்பத்தை மற்ற கீபோர்டு ஆல்பங்களிலிருந்து பிரிப்பது அதுதான். 1956-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட ஜிம்மி ஸ்மித் பாஸ் வரியை இடக்கையால் கீழ் விசைத்தட்டில் வாசித்து, அதன் தொடக்கத்துக்கு அழுத்தம் தர மட்டும் பாதத்தால் பெடலைத் தட்டினார்; ஜாஸ் ஆர்கன் கலைஞர்களில் மிகப் பலர் இன்றும் அந்த வழியிலேயே செல்கிறார்கள். ஜெர்மனியின் பார்பரா டென்னர்லைன் அதற்கு மாறாகப் பாஸ் வரி முழுவதையும் பாதங்களாலேயே வாசிப்பவர். பெடல்களிலிருந்து டபுள் பாஸின் பதிவுசெய்யப்பட்ட ஒலி எழும்படி தம் கருவியை மாற்றியமைத்திருப்பதால், அவருடைய பதிவுகளைக் கேட்பவர்கள் பக்கத்தில் யாரோ பாஸ் வாசிப்பதாகவே எண்ணிவிடுவார்கள்.

ஹாமண்டுக்கு வெளியே ஒன்றே ஒன்று: கேமரன் கார்ப்பென்டர் 2014-இல் வெளியிட்ட "இஃப் யூ குட் ரீட் மை மைண்ட்". ஊர் ஊராக எடுத்துச் செல்வதற்காக அவருக்கென்றே செய்யப்பட்ட, ஐந்து விசைத்தட்டுகள் கொண்ட டிஜிட்டல் ஆர்கனில் வாசித்தது. அவருடைய ரசனை எல்லோருக்கும் ஒத்துவராது. கருவிக்காகவாவது ஒருமுறை கேட்கலாம்.

பதில்: கோர்வை

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. அதற்கு முன், அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ஓர் எண்ணத்தோடு நான் உடன்படவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே அமர்வில், ஒரே ஆள், இரண்டு கைகளாலும் பாதங்களாலும் வாசித்தால்தான் அது நேர்மையான பதிவு என்றால், 1968-இல் வெண்டி கார்லோஸ் மூக் என்ற சின்தசைசரில் (ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் கருவியில்) வாசித்து வெளியிட்ட, செவ்வியல் இசைமேதை பாக்கின் இசையை என்ன செய்வது? அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் எழும். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பதிவு செய்து, எட்டு டிராக் நாடாவில் அடுக்கி உருவாக்கினார். ஜெர்மன் ஆர்கன் கலைஞர் கிளவுஸ் வுண்டர்லிச்சும் 1970-களில் ஹாமண்டோடு மூக் சின்தசைசரைச் சேர்த்துப் பல அடுக்குகளாகவே பதிவு செய்தார். ஜோயி டிஃப்ரான்செஸ்கோ 2021-இல் வெளியிட்ட "மோர் மியூசிக்" ஆல்பத்தில் ஆர்கனுடன் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் அவரே வாசித்திருக்கிறார். இரண்டு கைகளால் இது ஒரே நேரத்தில் எப்படி நடக்கும் என்று எவரும் வழக்குத் தொடுக்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி, முடிவுகளை எடுத்தவர் யார் என்பதே. அரேஞ்சர் கீபோர்டில் இடக்கை ஒரு கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டத்தை) அழுத்தினால், கருவிக்குள் முன்பே சேமித்திருக்கும் ஸ்டைல் அதற்கேற்ப டிரம்ஸ், பாஸ், கிடார் ஆகியவற்றை வாசித்துவிடும். அதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. பல்லவி எத்தனை முறை திரும்பி வந்தாலும் கிடாரின் தாளம் அணுவளவும் மாறாது; டிரம்ஸ் ஃபில் (தாளத்தின் இடைவெளியை நிரப்பும் சிறு வாசிப்பு) மூன்று நான்கு வடிவங்களுக்குள்ளேயே சுற்றி வரும்; கார்டு மாறும்போது பாஸ் அடுத்த சுரத்துக்கு நடந்து செல்லாமல் அப்படியே தாவி உட்காரும். முடிவுப்பகுதி கேட்ட மாத்திரத்தில் அந்தக் கருவியை வைத்திருப்பவர்களுக்கு ஸ்டைலின் பெயரே தெரிந்துவிடும்! கருவி நிறுவனம் கொடுத்ததை மாற்றாமல் வைத்துக்கொண்டு மேலே மெட்டை மட்டும் வாசித்து வெளியிடுவதை நான் ஆல்பம் என்று ஏற்பதில்லை. அதே வசதியைக் கொண்டு, தானே ஸ்டைல்களை எழுதி, பாடலுக்குப் பாடல் மாற்றி அமைப்பவரின் உழைப்பு வேறு வகையைச் சேர்ந்தது. எலக்டோன் கலைஞர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். தாளத்தையும் ஒலி மாற்றங்களையும் முன்கூட்டியே நினைவகத்தில் அமைத்துவிட்டு, மெட்டையும் இணைச்சுரங்களையும் பாஸையும் கை கால்களால் வாசிக்கிறார்கள்.

அட்டைக் குறிப்பில் "ப்ரோகிராமிங்" என்று யாருடைய பெயர் இருக்கிறது, கருவியின் மாதிரி எண் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கருவியையே குறிப்பிடாமல் "கீபோர்டு" என்று மட்டும் எழுதி முடித்திருந்தால் சற்று எச்சரிக்கையாகவே அணுகுவேன்.

மெல்லிசைவாசி

மூவருக்கும் நன்றி. "முடிவுகளை எடுத்தவர் யார்" என்று கேட்பது எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. "குளோஸ் பட் நோ சிகார்" கேட்டேன். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அந்த அடிச்சுரமே எழவில்லை, ஹெட்ஃபோனில்தான் புரிந்தது. இத்தகைய ஆல்பங்களை விலைகொடுத்து வாங்குவதென்றால் எல்பி, சிடி, டவுன்லோடு ஆகியவற்றில் எது பொருத்தம்?

பதில்: எண்சுரம்

ஹாமண்டின் பெடலில் மிகக் கீழே உள்ள சுரம் ஏறக்குறைய 32.7 ஹெர்ட்ஸ், கைப்பேசியின் ஒலிபெருக்கியால் அதன் அருகில்கூடச் செல்ல முடியாது. எல்பியின் சிக்கல் வேறு மாதிரியானது. அடிச்சுரம் வலுவாக இருந்தால் தட்டின் பள்ளம் அகலமாக வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் நெருக்கி அடைக்கும்போது ஒலியின் அளவையோ பாஸையோ குறைத்தாக வேண்டும். 50 நிமிட ஆர்கன் ஆல்பத்தை ஒரே தட்டில் விற்கிறார்கள் என்றால் நான் சிடியைத்தான் வாங்குவேன். இரண்டு தட்டுகளாகப் பிரித்திருந்தால் எல்பி நன்றாகவே இருக்கும்.

ஹாமண்டுடன் இணைத்து வாசிக்கும் லெஸ்லி ஒலிபெருக்கியையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதில் மேற்சுரங்களுக்கான கொம்பும் கீழ்ச்சுரங்களுக்கான உருளையும் தனித்தனியாகச் சுழல்கின்றன. வேகத்தை மாற்றும்போது எடை குறைந்த கொம்பு சட்டென்று வேகமெடுக்க, கனமான உருளை பின்தங்கி மெல்ல வந்து சேரும். கொம்புக்கு இருபுறமும் இரண்டு மைக்குகள் வைத்துப் பதிவு செய்திருந்தால் இந்த வேறுபாடு இடமும் வலமுமாக விரிந்து கேட்கும். குறைந்த தரத்தில் சுருக்கப்பட்ட கோப்புகளில் முதலில் குழம்பிப்போவது இந்தச் சுழற்சியும் விசை அழுத்தும்போது எழும் "கிளிக்" ஒலியும்தான். டவுன்லோடு வாங்குவதானால், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்திலேயே வாங்குங்கள். பேண்ட்கேம்பில் எம்பி3 வாங்கும் அதே விலைக்கு ஃப்ளாக்கும் கிடைத்துவிடுகிறது.