அடியீற்றில் திரும்பும் சொல்: 'ஈற்று மடக்கு' சரிவருமா?

நண்பர்களே, வணக்கம்.

அடிதோறும் இறுதியில் ஒரே சொல் வருவதை ஆங்கிலத்தார் 'எபிஸ்ட்ரஃபி' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'ஈற்று மடக்கு' என்று பெயரிடலாம் என நம் குழுவில் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. மடக்கு என்றால் வந்த எழுத்துகளே மீண்டும் வந்து வேறு பொருள் தரவேண்டும். சிவபுராணத்தில் 'வாழ்க' எத்தனை முறை வந்தாலும் பொருள் ஒன்றுதான். இயைபும் போதாது; ஈற்றெழுத்து ஒன்றினாலே இயைபு அமைந்துவிடும். ஒரே சொல் அதே பொருளில் மீண்டும் மீண்டும் வரும் சொற்பொருள் பின்வருநிலையணி நெருங்கி வருகிறது, ஆனால் சொல் எந்த இடத்தில் வருகிறது என்று அது பார்ப்பதில்லை. வழிபாட்டுப் பாடலில் இடம்தானே உயிர்!

சிவபுராணத்தின் இந்த அடிகளைப் பாருங்கள்:

ஏகன் அனேகன் இறைவன் அடிவாழ்க
வேகம் கெடுத்தாண்ட வேந்தன் அடிவெல்க

ஐந்து அடி 'வாழ்க' முடிந்து 'வெல்க' தொடங்கும் இடம் இது. ஈற்றுச்சொல் மாறுகிறது, ஏகன் - வேகம் என்று எதுகை மாறவில்லை. ஓதும்போது மாற்றம் உறுத்தாமல் போவது அதனால்தான்.

யாப்போடும் இந்த ஈற்றுச்சொல்லுக்கு உறவு உண்டு. பாட்டு கலிவெண்பா; சீரோடு சீர் இணைவதில் (தளை) வெண்பாவின் முறையே இதற்கும். 'பெய்கழல்கள் வெல்க' என்று 'வெல்க' தனிச்சீராக, மாச்சீராக (நேரசையில் முடியும் ஈரசைச் சீர்) நின்றால் அடுத்த அடி நிரையசையில் ('புறத்' போல, ஒற்று நீங்கலாக இரண்டெழுத்து) தொடங்கியாக வேண்டும். 'புறத்தார்க்கு' என்று தொடங்குகிறது. அப்புறம் 'கரங்குவிவார்', 'சிரங்குவிவார்' இரண்டும் அப்படியே. 'சீரோன் கழல்வெல்க' என்று காய்ச்சீரானதும் (நேரசையில் முடியும் மூவசைச் சீர்) அடுத்த அடி 'ஈசனடி' என்று நேரசைக்கு ('ஈ' போல ஓரெழுத்து) போய்விடுகிறது! சில பதிப்புகள் முதலடியில் 'வாஅழ்க' என்று அளபெடுத்து அச்சிடுவதும் தளை தட்டாமல் இருக்கத்தான்: 'வாழ்க' தேமா என்ற மாச்சீர், பின்னால் 'நாதன்தாள்' நேரில் தொடங்குகிறது; அளபெடுத்தால் தேமாங்காய் என்ற காய்ச்சீராகிச் சரியாகிவிடும்.

ஆகவே சொல்லையும் இடத்தையும் சேர்த்துக் காட்டும் பெயர் வேண்டும். 'ஈற்று மீள்சொல்' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அடியின் தொடக்கத்தில் வந்தால் 'முதல் மீள்சொல்'. 'மீட்சி' என்றும் யோசித்தேன். பக்திப் பாடலைப் பற்றிப் பேசும்போது அது விடுதலைப் பொருளுக்கு இழுத்துவிடும். திருவெம்பாவையின் 'ஏலோர் எம்பாவாய்' போலப் பாட்டின் முடிவில் வருவதற்கு மகுடம் என்ற பெயர் இருக்கிறது, அதைத் தொடவேண்டாம்.

'ஆறாம் அடியில் ஈற்று மீள்சொல் மாறுகிறது, எதுகை தொடர்கிறது' என்று எழுதிப் பார்த்தேன், தடையில்லாமல் வருகிறது. வகுப்பில் யாப்பு சொல்லித்தருகிறவர்கள் இதைப் பயன்படுத்திப் பார்த்து, மாணவர்களுக்கு உடனே பிடிபடுகிறதா என்று எழுதுங்கள்.