புதுப்பிப்பு: பழைய மிக்ஸியை வாங்கியே விட்டேன்

யாரோ பயன்படுத்திய மிக்ஸியும் மைக்ரோவேவும் ஒரே வீட்டிலிருந்து விலைக்கு வருகின்றன, வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, அதில் மிக்ஸியை மட்டும் வாங்கினேன்.

நீங்கள் சொன்னபடி ஜாரில் தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பெரிய ஜாரின் அடியில் ஈரம் கசிந்தது, பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, அதைக் காட்டியே விலையைக் குறைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஓட்டினால் காற்றுத் துளை வழியாகப் பொறி பறக்கிறது, கருகல் வாசனை வேறு. சரி, மோட்டார் போய்விட்டது என்றே நினைத்தேன். திறந்து பார்த்தால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து குட்டையாகியிருந்தன. அதே அளவில் ஜோடியாக மாற்றினேன், அப்புறம் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரும் பல் மழுங்கிக் கிடந்ததால் அதையும். இப்போது நன்றாக ஓடுகிறது. சத்தம் மட்டும் குறையவில்லை, அது பிறவிக் குணம் போல.

மைக்ரோவேவை விட்டதற்குக் காரணம் அதன் கதவு. கீல் ஆடியது, சரியாக மூடவும் இல்லை. "கழற்றிச் சரிசெய்துகொள்ளலாம்" என்றார் விற்றவர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளையே கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம், அதில் நான் கை வைப்பதாக இல்லை.