ரெஸ்டிக், ஆர்குளோன், கூகுள் டிரைவ்: வாரம் ஒருமுறை பேக்கப் நின்றுபோகிறது

கேள்வி

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து டிஃப் கோப்புகளாகச் சேர்த்துவருகிறோம். டெபியன் லினக்ஸ் போட்ட சிறிய கணினி ஒன்றில் அவை இருக்கின்றன. அதற்குத் திரை கிடையாது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாகத்தான் உள்ளே போகிறேன். இரவில் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது) மூலம் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் ஓடி, இணையச் சேமிப்பகங்களுக்குக் கோப்புகளை அனுப்பும் ஆர்குளோன் வழியாகக் கூகுள் டிரைவுக்குப் பேக்கப் எடுக்கிறது. ஆர்குளோனோடு வரும் பொதுவான கிளையன்ட் ஐடியை (கூகுளிடம் செயலியை அடையாளம் காட்டுவது) எல்லோரும் பகிர்ந்துகொள்வதால் வேகம் குறையும் என்று படித்து, எனக்கென்று தனியாக ஒன்றை உருவாக்கிக்கொண்டேன்.

சில நாள் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு ‘இன்வேலிட் கிராண்ட்’, டோக்கன் (டிரைவுக்குள் போகத் தரப்படும் அனுமதிச் சாவி) காலாவதியாகிவிட்டது அல்லது ரத்து செய்யப்பட்டது என்று பிழை வருகிறது. மறுபடி அனுமதி கொடுத்தால் சரியாகிறது. அடுத்த வாரம் அதே கதை. இன்னொன்று: பழைய ஸ்னாப்ஷாட்களை (ஒவ்வொரு முறையும் எடுத்த பேக்கப் பதிவுகளை) ஃபர்கெட், ப்ரூன் என்ற ரெஸ்டிக் கட்டளைகள் கொடுத்து நீக்கினாலும் டிரைவில் இடம் குறைவதே இல்லை. சில இரவுகளில் ‘ரெப்பாசிட்டரி (பேக்கப் களஞ்சியம்) ஏற்கெனவே பூட்டப்பட்டுள்ளது’ என்று சொல்லி ப்ரூன் ஓட மறுக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

மறுமொழி 1

வாரக் கணக்கில் தவறாமல் நிற்கிறது என்று நீங்கள் எழுதியதே பாதி விடை. நெட்வொர்க் கோளாறு நாள் பார்த்து வராது.

கூகுள் கிளவுட் கன்சோலில் உங்கள் கிளையன்ட் ஐடி இருக்கும் புராஜெக்டைத் திறந்து, ஓஆத் (செயலிக்கு அனுமதி வழங்கும் முறை) ஒப்புதல் திரைப் பகுதியைப் பாருங்கள். நிலை ‘டெஸ்டிங்’ என்று இருக்கும். வெளிப் பயனர் வகையில் டெஸ்டிங் நிலையில் இருக்கும் செயலிக்குத் தரப்படும், அனுமதியைத் தானாகப் புதுப்பிக்க உதவும் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். அது கூகுளின் எழுதப்பட்ட விதி. ரெஸ்டிக்கிலோ ஆர்குளோனிலோ எதை மாற்றினாலும் தீராது.

அங்கேயே ‘பப்ளிஷ்’ பொத்தானை அழுத்தி நிலையை ‘இன் புரொடக்‌ஷன்’ ஆக்குங்கள். சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லும். சொந்தப் பயன்பாட்டுக்கு அது தேவையில்லை. அனுமதி தரும்போது ‘சரிபார்க்கப்படாத செயலி’ என்ற எச்சரிக்கைத் திரை வரும். செயலி உங்களுடையதே என்பதால் தயங்காமல் தொடரலாம்.

இதோடு விட்டுவிடாதீர்கள். கையில் இருக்கும் டோக்கன் டெஸ்டிங் காலத்தில் வாங்கியது. அது தன் 7 நாளில் செத்தே தீரும். பப்ளிஷ் செய்தபின் ஆர்குளோன் கான்ஃபிக் ரீகனெக்ட் கொடுத்துப் புதிய டோக்கன் வாங்க வேண்டும். திரையில்லாத கணினி என்பதால், மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் போகும்போது மடிக்கணினியின் 53682 என்ற போர்ட்டை (இணைப்பு வாசலை) அந்தக் கணினியின் அதே போர்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள். ஆர்குளோன் காட்டும் முகவரியை மடிக்கணினியின் பிரவுசரில் திறந்தால் அனுமதி நேராகப் போய்ச் சேரும்.

கடைசியாக ஒன்று. எந்தப் பயனரின் கிரானில் ரெஸ்டிக் ஓடுகிறதோ அதே பயனராக இருந்து ரீகனெக்ட் செய்யுங்கள். ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் கிரான், ரூட்டின் வீட்டு அடைவில் உள்ள ஆர்குளோன் அமைப்புக் கோப்பைத்தான் படிக்கும். உங்கள் கணக்கில் புதுப்பித்த டோக்கன் அதன் கண்ணில் படாது.

மறுமொழி 2

பூட்டைப் பற்றிச் சொல்கிறேன். பேக்கப் பாதியில் அறுந்தால், தான் போட்ட பூட்டுக் கோப்பை அழிக்க ரெஸ்டிக்கால் முடியாமல் போகும். பேக்கப் போடுவது பிறரும் பகிரக்கூடிய பூட்டு. அதனால் மறுநாள் பேக்கப் அதைப் பொருட்படுத்தாமல் ஓடிவிடும். ப்ரூனுக்கு மட்டும் வேறு யாரும் பகிர முடியாத பூட்டு வேண்டும். அதனால் அது நிற்கிறது. வேறெந்த ரெஸ்டிக்கும் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு அன்லாக் கொடுங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பூட்டுகளை மட்டுமே அது நீக்கும்.

இடம் குறையாததற்குக் காரணம் குப்பைத் தொட்டி. டிரைவில் ஆர்குளோன் எதை அழித்தாலும், இயல்பாக அது தொட்டிக்குத்தான் போகும். 30 நாள் வரை உங்கள் இடக் கணக்கிலேயே இருக்கும். அமைப்புக் கோப்பில் யூஸ் ட்ராஷ் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் உடனே இடம் கிடைக்கும்.

மறுமொழி 3

முன்னவர் சொன்ன கடைசி யோசனையை நான் ஏற்கவில்லை. யாரோ தவறாக ஃபர்கெட் கொடுத்தாலும், கணினிக்குள் விஷமி புகுந்து அழித்தாலும், அந்த 30 நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். இடம் அடியோடு தீர்ந்தால் ஒழியத் தொட்டியை மூடாதீர்கள். ஆர்குளோன் கிளீனப் கட்டளையால் காலி செய்யலாம். ஆனால் அது அந்தக் கணக்கின் தொட்டி முழுவதையும் காலி செய்யும். நூலகத்தின் மற்ற ஆவணங்களும் அதே கணக்கில் இருந்தால், முதலில் தொட்டியைத் திறந்து பாருங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ரெப்பாசிட்டரியின் கடவுச்சொல் எங்கே இருக்கிறது? கிரானுக்காக அதே கணினியில் ஒரு கோப்பில் மட்டும் இருந்தால், வட்டு போகும் அன்று கடவுச்சொல்லும் போய்விடும். ரெஸ்டிக் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்தே அனுப்புகிறது. மறந்த கடவுச்சொல்லை மீட்க அதில் வழியே இல்லை. டிரைவில் கோப்புகள் பத்திரமாக இருக்கும், ஒரு பக்கத்தைக்கூடத் திறக்க முடியாது. அந்த இதழ்களில் பலவற்றுக்கு வேறு படி கிடைக்குமா என்பதே சந்தேகம். தயவுசெய்து இன்றே ஒரு தாளில் எழுதி, நூலகத்துக்கு வெளியே நம்பகமான இருவரிடம் கொடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நிலை டெஸ்டிங்கில்தான் இருந்தது. பப்ளிஷ் செய்து, ரூட் பயனராகவே ரீகனெக்ட் கொடுத்தேன். வாரம் கடந்தும் பேக்கப் நிற்கவில்லை. அன்லாக் கொடுத்தபின் ப்ரூனும் ஓடுகிறது. தொட்டியை அப்படியே விட்டுவிட்டேன். கடவுச்சொல் இப்போது செயலாளரிடமும் பொருளாளரிடமும் எழுத்தில் இருக்கிறது.

ஒரு சிறு சந்தேகம். மேலே போய்ச் சேர்ந்தது கெடாமல் இருக்கிறதா என்று அறிய, எல்லாவற்றையும் தரவிறக்கித்தான் பார்க்க வேண்டுமா? எங்கள் இணைய இணைப்பு அதற்குத் தாங்காது.

மறுமொழி 1

வேண்டாம். வெறும் செக் கட்டளை ரெப்பாசிட்டரியின் கட்டமைப்பை மட்டும் பார்க்கும். கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிக்காது. அதோடு ரீட் டேட்டா சப்செட் என்ற விருப்பத்தைச் சேர்த்து 1/10 என்று கொடுங்கள். பத்தில் ஒரு பங்கை இறக்கிப் படித்துச் சரிபார்க்கும். அடுத்த முறை 2/10, பிறகு 3/10 என்று நகர்த்தினால் சிறுகச் சிறுக முழுவதும் முடிந்துவிடும். இடையில் ஓர் இதழை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து, பக்கங்கள் திறக்கின்றனவா என்றும் பாருங்கள்.