இலைக்கு அடியில் புழு பிடிக்கும் குட்டிப் பறவை: தையல்சிட்டா, கதிர்க்குருவியா?

செம்பருத்தி:
புதருக்குள் ஒரு பறவை வந்து போகிறது. சிட்டுக்குருவியை விடச் சின்னது, வால் எப்போதும் மேலே. இலைக்கு அடியில் தலையை நுழைத்துப் பச்சைப் புழுவை உருவித் தின்கிறது. போனைத் தூக்குவதற்குள் அடுத்த கிளைக்குப் போய்விடும். எடுத்த படமெல்லாம் வெறும் இலைதான். இத்தனூண்டு உடம்பிலிருந்து ‘ட்விட் ட்விட் ட்விட்’ என்று காதைக் குடையும் சத்தம். இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த மாதிரியும் ஒன்று தெரிகிறது. கிட்டப் போய்ப் பார்க்கலாமா?

பச்சைக்கிளை:
இலையைத் தைத்திருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம்? தையல்சிட்டுதான்.

புதர்வாசி:
கூட்டை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். சாம்பல் கதிர்க்குருவியும் சில சமயம் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும்.

நிறம் பாருங்கள். தையல்சிட்டுக்கு முதுகு இலைப்பச்சை, நெற்றி துருநிறம், வயிறு அழுக்கு வெள்ளை. கதிர்க்குருவிக்கு முதுகு சாம்பல், வயிறு வெளிர் செம்பழுப்பு, கண் சிவப்பு. இளம் தையல்சிட்டுக்கு நெற்றி மங்கலாக இருக்கும் என்பதால் நான் அதை முழுசாக நம்புவதில்லை. கத்தும்போது கழுத்தைப் பார்ப்பேன். தொண்டை உப்பியதும் பக்கவாட்டில் கறுப்புத் திட்டு தெரியும். அது இறகின் நிறம் அல்ல, அடியில் இருக்கும் தோல். வாயை மூடியதும் மறைந்துவிடும். கதிர்க்குருவி என்றால் பறந்து கிளம்பும்போது விரலைச் சொடுக்கினாற்போல் ‘டிக் டிக்’ கேட்கும்.

கூட்டருகே போகாதீர்கள். இலையை விலக்கிப் பார்த்தால் பறவை கூட்டையே கைவிட்டுவிடலாம். காக்கைக்கும் வழி காட்டியதாகிவிடும். ஒரே இடத்தில் உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள். இலை ஓரத்தில் அலகால் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, சிலந்தி நூலையோ பஞ்சையோ நுழைத்திருக்கும். வெளியே வந்த நுனி பிரிந்து புசுபுசுவென்று நிற்பதால் நூல் உருவிக்கொண்டு வராது. ஓட்டை அவ்வளவு சின்னது, இலை வாடாமல் பச்சையாகவே இருக்கும். புழுவைத் தின்னாமல் அலகில் கவ்விக்கொண்டு உள்ளே போனால் குஞ்சு பொரித்திருக்கலாம்.

செம்பருத்தி:
கறுப்புத் திட்டு தெரிந்தது! ஆனால் கூடவே வரும் இன்னொன்றுக்கு வால் நடுவில் மட்டும் ஊசி மாதிரி நீண்டிருக்கிறது. வேறு இனமா?

புதர்வாசி:
இல்லை, அது ஆண். இனப்பெருக்கக் காலத்தில் நடு வாலிறகு இரண்டும் அப்படி நீளும். ஜோடி சேர்ந்துவிட்டது, சரி. அந்தப் புதரை இப்போதைக்கு வெட்டிவிடாதீர்கள்.