இரண்டே வருடத்தில் உரியும் எமல்ஷன்: மறுபடி அடிக்கலாமா?

கொல்லைப்புறம்:
கும்பகோணம் பக்கத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான், சிமெண்ட் கிடையாது. அப்பாவின் அறை 12-க்கு 10 அடி. இரண்டு வருடம் முன்பு பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இளம்பச்சை எமல்ஷன் பூசினோம். மூன்று சுவர்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. மேற்குச் சுவர் மட்டும் தரையிலிருந்து இடுப்பளவுக்குக் கொப்பளித்து, அப்பளம் போல உரிகிறது. உரிந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி. அப்பாவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான். காலையில் தலையணையை உதறினால் மாவு சலித்தது போலக் கொட்டுகிறது. கட்டிலை நகர்த்தினால் ஜன்னல் காற்று வராதாம், சம்மதிக்கவில்லை. சுரண்டிவிட்டு விலை கூடிய பெயிண்டாக அடிக்கலாம் என்கிறார் பெயிண்டர். பொங்கலுக்குள் முடிய வேண்டும்.

மட்டக்கோல்:
அடிக்காதீர்கள். என் அப்பா வெள்ளையடித்தவர், நான் பெயிண்டர். இந்தச் சுவரை இருவருமே பார்த்திருக்கிறோம். அந்தப் பொடி உப்பு. சுவரில் ஏறும் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து, காயும்போது விட்டுவிட்டுப் போவது. ஓர் அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்றின் ஈரம். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

புதுமனை:
எதற்கு இவ்வளவு? மூன்று அடி உயரத்துக்கு நீர்த்தடுப்புக் கலவை சேர்த்து சிமெண்ட் பூசிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு வருடமாகத் தொல்லை இல்லை.

மட்டக்கோல்:
உங்களுடையது காரைச் சுவரா? காரை ஈரத்தைக் குடித்துக் காற்றில் விட்டுவிடும். முகத்தை சிமெண்டால் அடைத்தால், வழி தேடி மேலே ஏறி நான்காவது அடியில் உரியும்.

கொல்லைப்புறம்:
பின்னால் துவைக்கும் கல்! அடிபம்பை எடுத்து மோட்டார் குழாய் வைத்தபோது கல்லையும் சுவரோரம் தள்ளினோம். பெயிண்ட் அடித்ததும் அதே வருடம்தான். பெயிண்டரைத் திட்டியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர்.

மட்டக்கோல்:
முதலில் கல்லை நகர்த்துங்கள். தரை, சுவரை விட்டு வெளிப்பக்கம் சரிய வேண்டும். உள்ளே எமல்ஷனோடு பட்டியையும் காரை தெரியும்வரை சுரண்டிவிடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். கழுவினால் மறுபடி உள்ளே போகும். சுவர் முழுதாகக் காய மாதங்கள் ஆகும், பொங்கல் காத்திருக்காது. அதனால் அந்தச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு. நீற்றி, துணியில் வடிகட்டி, மோர் பதத்தில், துளி நீலம் விட்டு, மெல்லிதாக மூன்று முறை. சுண்ணாம்பில் கலக்கும் வஜ்ஜிரப் பசை வேண்டாம், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அடித்த ஈரத்தில் ஒன்றுமே தெரியாது, பயப்படாதீர்கள். காயக் காயத்தான் வெளுக்கும். அடுத்த வருடம் கொஞ்சம் உதிரும். உதிரட்டும், ஒரு வாளிச் சுண்ணாம்புக்கு என்ன செலவு?

கொல்லைப்புறம்:
கல் கிணற்றடிக்குப் போய்விட்டது. மூன்று பச்சை, ஒரு வெள்ளை என்றதும் அண்ணி முகம் சுளித்தார். அப்பா கட்டிலை ஒரு சாண் தள்ளிப்போட ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு சாண்தான்.