12 பாரும் நிக்கிற 2014 லீஃப், நம்பி எடுக்கலாமா?

களுதாவளைக்காரன்:
2014 நிஸான் லீஃப் கரண்ட் கார் ஒண்டு பாத்து வச்சிருக்கன், 24 கிலோவாட்-அவர் பெட்டரி. டேஷ்போர்ட்ல பெட்டரி எவ்வளவு தேஞ்சிருக்கு எண்டு காட்டுற 12 பாரும் நிக்குது, ஓனர் பெட்டரி புதுசு மாதிரி எண்டுறார், சந்தேகமெண்டா ஓடிப் பாருங்க எண்டு திறப்பையும் தந்தார். ஓடினன், நல்லா இழுக்குது, ஏசியும் குளிருது. எனக்கு மட்டக்களப்பு டவுனுக்கு போய் வாற ஓட்டம்தான். வேற என்ன பாக்க வேணும்?

மருதமுனை நானா:
12 பார் இரிக்கிண்டா யோசிக்காம எடுங்க தம்பி. நான் 9 பார்ல கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடுறன், போக 40 வர 40 கிலோமீட்டர், மலையா மேடா எங்கட ரோட்டுல. ஸ்கேன் கீன் எல்லாம் கராஜ்காரன் காசு புடுங்குற வேலை.

வாவிக்கரை:
நானா, 9 எண்டா நானும் பேசாம இருந்திருப்பன், 12 எண்டதுதான் இடிக்குது. அந்த வருச லீஃப் பெட்டரிக்கு தண்ணிக் கூலிங் இல்ல, தானா ஆறுறதுதான். கச்சான் காத்து வெக்கையில இவ்வளவு வருசம் கிடந்த காருக்கு ஒரு பார் கூட போகல்லையாம்! முதல் பார் கிட்டத்தட்ட 15 வீதம் தேஞ்சாத்தான் போகும், மறுகா 6 வீதத்துக்கு ஒண்டு. அப்ப இதுக்கு பெட்டரி மாத்தியிருக்கணும், இல்லாட்டி பெட்டரிக் கம்ப்யூட்டர்ட கணக்க அழிச்சு ரீசெட் அடிச்சிருக்கணும். ரீசெட் அடிச்சா 12 பாரும் வந்து நிக்கும், ஓட ஓட திரும்ப இறங்கும், அதுக்குள்ள காசு கைமாறியிரும்.

மருதமுனை நானா:
அப்ப ஸ்கேன்லயும் பொய்தானே காட்டும்? அதுவும் அதே கம்ப்யூட்டரத்தானே வாசிக்குது.

அக்கரைப்பற்று ஸ்பானர்:
நானா கேட்டது சரியான கேள்வி. ரீசெட் அடிச்சா லீஃப் ஸ்பை எண்ட போன் அப்ல வாற எஸ்ஓஎச், அதான் பெட்டரி எவ்வளவு நல்லா இருக்கு எண்டு சொல்ற வீதமும் ஏறித்தான் நிக்கும், அத வச்சு விலை பேசாதீங்க. ஆனா அதே அப்ல 96 செல்லுட வோல்ட்டேஜும் வரிசையா கோடு கோடா தெரியும், அத ரீசெட் அடிச்சு மறைக்க ஏலாது. ஃபுல் சார்ஜ்ல பாத்தா எல்லாம் ஒரே உயரத்துல அழகா நிக்கும், விக்கிறவனும் ஃபுல் பண்ணித்தான் வச்சிருப்பான். சார்ஜ 20 வீதத்துக்கு இறக்கிட்டு, பக்கத்துல ஒராள போனோட இருத்தி, வெறும் ரோட்டுல ஒருக்கா நல்லா மிதிங்க. 20, 30 மில்லிவோல்ட் வித்தியாசம் பரவாயில்ல. மிதிக்கிற நேரம் ஒரு கோடு மட்டும் மற்றதுகள விட 200 மில்லிவோல்ட் கீழ விழுந்து எழும்புதெண்டா அந்த செல் முடிஞ்சுது.

மருதமுனை நானா:
ஒரு செல் போனா அது இருக்கிற மொடியூல, அந்த செல் பெட்டிய மாத்தினா சரி, 48 மொடியூல்தானே. அதுக்கு கார வேணாம் எண்டு விடுறதா?

அக்கரைப்பற்று ஸ்பானர்:
மாத்தலாம், நாங்களும் மாத்திக் குடுக்கிறம். ஆனா அந்தக் காச விலையில கழிக்கணும், வாங்கினதுக்குப் பிறகு ஆர் கழிப்பா?

வாவிக்கரை:
அப்பே வேணாமெண்டாலும் வழி இருக்கு. 20 வீதத்துல இருந்து ஃபுல் ஆகுமட்டும் வீட்டு மீட்டர்ல எத்தின யூனிட் போகுது எண்டு பாருங்க. நல்ல 24 பெட்டரிக்கு, வீணாப் போறதும் சேத்து 18, 19 யூனிட் இழுக்கும். 12 யூனிட்லயே ஃபுல் எண்டு காட்டினா 12 பார் எங்க இருந்து வந்தெண்டு விளங்கும்தானே. ஃபிரிட்ஜ், ஃபேன் ஓடினா அதையும் கழிக்கணும். மற்றது, பெட்டரி மாத்தின எண்டா ரிசீட்ட கேளுங்க, எனக்கு ஒராள் காட்டினது பொனட்டுக்குள்ள இருக்கிற சின்ன 12 வோல்ட் பெட்டரிட ரிசீட்.

மருதமுனை நானா:
நல்லா செல்றீங்க, அஞ்சாறு மணித்தியாலம் ஆர்ட வீட்டு மீட்டருக்கு முன்னால குந்தி இரிக்கிற? ராவைக்கு எவனும் கார தரமாட்டான். 2020ல இருந்து அஞ்சு வருசம் வாகனம் வராம பழசுக்கெல்லாம் விலை ஏறிக் கிடந்த, இப்பவும் நல்ல கார் நிக்காது. நீங்க மீட்டர் பாத்து முடிய அது வித்துப் போயிரும்.

களுதாவளைக்காரன்:
ஓனருக்கு கோல் எடுத்தன். கார விட ஏலாதாம், கொழும்புல இருந்து ஒராள் அட்வான்சோட வாறாராம்.

வாவிக்கரை:
கொழும்புக்காரர் எப்பவும் வந்துகொண்டுதான் இருப்பார். ஒரு மணித்தியாலம் மட்டும் கேளுங்க, சார்ஜ இறக்கி வைக்கச் சொல்லுங்க. அதுக்கும் ஏலாதெண்டா எனக்கு வேற காரணம் தேவையில்ல.

மருதமுனை நானா:
ஒரு மணித்தியாலம் நியாயம், அது குடுக்கத்தான் வேணும். ஆனா செல் நல்லா இரிந்தா விலைய புடிச்சு இழுக்காம எடுத்துருங்க.

களுதாவளைக்காரன்:
சரி கேக்கிறன். ஸ்பானர் அண்ணே, அப்புக்கு கார்ல குத்துற அந்த ஓபிடி அடப்டர் உங்களிட்ட இருக்கா?

அக்கரைப்பற்று ஸ்பானர்:
இருக்கு, ஞாயிறு பின்னேரம் கல்முனைப் பக்கம் வருவன். அண்ட்ரொயிட் போன் கொண்டு வாங்க, என்ட அடப்டர் ஐபோனுக்கு கனெக்ட் ஆகாது.